படி சின்னதாயிற்று, ஆட்டம் பெரிதாயிற்று: ஒரு நானோமீட்டர் மேடையின் அனலாக் அவுட்புட் ஆய்வு

ஒளியியல் சோதனை ஒன்றுக்காகச் சின்னக் கண்ணாடி ஒன்றை மெதுவாக நகர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடியைத் தாங்குவது ஒரு பியசோ மேடை, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுண்ணிதாக நீளும் பொருளால் நகர்வது. அதன் மொத்த ஓட்டம் 100 மைக்ரோமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்த ஓட்டத்தின் நடுவே 8 மைக்ரோமீட்டர் தூரத்தை விநாடிக்கு 20 நானோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். ஒரு முறை போய்ச் சேர ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கேட்டது இவ்வளவுதான்: நகரும்போது படி அரை நானோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நிற்கும்போது ஆட்டம் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) கணக்கில் ஒரு நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒரு ஓட்டம் முடிவதற்குள் இடம் ஒரு நானோமீட்டருக்கு மேல் நழுவக் கூடாது.

மேடைக்கு அதற்கென்றே ஒரு டிரைவர் உண்டு. மேடைக்குள் இருக்கும் கெப்பாசிட்டிவ் சென்சாரைப் பார்த்து இடத்தைத் திருத்திக்கொள்ளும் வேலையை அதுவே செய்துவிடும். நாம் கொடுக்க வேண்டியது 0 முதல் 10 வோல்ட் வரையிலான ஆணை மட்டும். 10 வோல்ட்டுக்கு 100 மைக்ரோமீட்டர் என்றால் 100 மைக்ரோவோல்ட்டுக்கு 1 நானோமீட்டர். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி இந்த அமைப்பில் டிரைவரின் சர்வோ வளையத்துக்கு, அதாவது சென்சாரைப் பார்த்து இடத்தைத் திருத்தும் அந்தச் சுற்றுக்கு, வெளியே இருக்கிறது. கம்பியில் என்ன வருகிறதோ அதைத்தான் டிரைவர் ஆணை என்று எடுத்துக்கொள்ளும். அதில் நாம் எழுதியது எது, வழியில் ஒட்டிக்கொண்டது எது என்று அதற்குத் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அதையும் விசுவாசமாகப் பின்பற்றும். மேடை நன்றாக வேலை செய்யச் செய்ய, குப்பையையும் நன்றாகவே பிரதிபலிக்கும்.

முதல் படிக்கட்டு

ஆரம்பத்தில் கணினிக்குள் இருந்தது ஒரு 16 பிட் அவுட்புட் கார்டு. டிஏசி இருப்பது அதில்தான். அதன் வீச்சு −10 முதல் +10 வோல்ட் வரை, மாற்ற முடியாது. 16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 65,536. 20 வோல்ட்டை அத்தனையாகப் பிரித்தால் ஒரு படி 305 மைக்ரோவோல்ட். மேடையில் அது 3 நானோமீட்டர். விநாடிக்கு 20 நானோமீட்டர் வேகத்தில் போகச் சொன்னால், மேடை 0.15 விநாடி சும்மா நிற்கும், பிறகு 3 நானோமீட்டர் தாவும், மறுபடி நிற்கும். ஒளியலைகளை வைத்து நகர்வை அளக்கும் லேசர் இண்டர்ஃபெரோமீட்டரில் பார்த்தபோது வரைபடம் கோடாக இல்லாமல் அசல் மாடிப்படியாக இருந்தது. சோதனைத் தரவிலும் அதே இடைவெளியில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது.

இதில் ஒரு எளிய வீண்செலவு கண்ணில் பட்டது. மேடைக்கு எதிர்மறை மின்னழுத்தமே தேவையில்லை. அப்படியானால் கார்டின் எண்களில் சரிபாதி ஒருபோதும் பயன்படாது. 16 பிட் கார்டு என்று பெயர், நமக்குக் கிடைப்பது 15 பிட். இயக்கக் கட்டுப்பாட்டில் ±10 வோல்ட் என்பது பழகிப்போன வழக்கம். மோட்டார் இருபக்கமும் சுற்ற வேண்டும் என்பதால் வந்தது. பியசோ மேடைக்கு அதை அப்படியே மாட்டுகிறவர்கள் நிறைய. நாங்களும் மாட்டியிருந்தோம்.

சரி, 18 பிட் கார்டு ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. புதியதில் வீச்சை 0 முதல் 10 வோல்ட் என்று வைக்க முடியும். 10 வோல்ட்டை 2,62,144 ஆகப் பிரித்தால் ஒரு படி 38 மைக்ரோவோல்ட், மேடையில் 0.38 நானோமீட்டர். கேட்டது அரை நானோமீட்டர். காகிதத்தில் வேலை முடிந்துவிட்டது.

கார்டு வந்ததும் ஆறரை இலக்க மல்டிமீட்டரை வைத்துச் சோதித்தோம். ஒவ்வோர் எண்ணாக ஏற்றினால் 38, 76, 114 மைக்ரோவோல்ட் என்று அழகாக ஏறியது. அங்கேயே ஒருவர் இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டார்.

மேடையில் மாட்டிப் பார்த்தால் நிலைமை முன்பைவிட மோசம். நிற்கச் சொன்ன இடத்தில் மேடை உச்சிக்கு உச்சி 8 நானோமீட்டர் ஆடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு தெரியவில்லை என்பது உண்மைதான். தெரியாமல் போகும் அளவுக்கு ஆட்டம் அதை மூடியிருந்தது.

மீட்டர் சொன்னதும் மேடை கேட்டதும்

இரண்டு நாள் மென்பொருளைக் குறை சொன்னோம். மூன்றாம் நாள் அங்கே இருந்த மூத்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, டிரைவர் இன்புட்டை ஷார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்போ மேடை சும்மா இருக்கிறப்போ எவ்வளவு ஆடும்னே தெரியாது. தெரியாம எதுக்குக் கார்டு வாங்குனீங்க?”

அன்று மாலை செய்த மூன்று அளவீடுகள்தான் இந்த ஆய்வின் முதுகெலும்பு. முதலில் டிரைவரின் உள்ளீட்டிலேயே மையக் கம்பியையும் வெளிக்கூட்டையும் சேர்த்து ஷார்ட் செய்த பிளக்கை மாட்டினோம். மேடையின் ஆட்டம் 0.4 நானோமீட்டர் ஆர்எம்எஸ். இது டிரைவரும் சென்சாரும் தாமாகவே போடும் இரைச்சல். எத்தனை பிட் வாங்கினாலும் இதற்குக் கீழே போக முடியாது. அடுத்து நீளக் கேபிளை மாட்டி, அதன் மறுமுனையை ஷார்ட் செய்தோம், கணினியைத் தொடாமல். 0.5 ஆனது. கேபிள் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது, பெரிதாக இல்லை. மூன்றாவதாக, கேபிளைக் கார்டில் மாட்டி, எண்ணை மாற்றாமல் விட்டோம். 2.9 நானோமீட்டர்!

ஆக, தவறு எண்ணில் இல்லை. கேபிளின் முனை கணினியைத் தொட்ட கணத்தில் வருகிறது. டிரைவரின் பெட்டி ஒரு சாக்கெட்டில் எர்த் ஆகியிருந்தது, கணினி இன்னொரு சாக்கெட்டில். இரண்டுக்கும் நடுவே கேபிளின் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) மூன்றாவது இணைப்பாகப் போய், வட்டத்தை மூடிவிட்டது. பெயர் தெரிந்த பழைய எதிரிதான்: கிரவுண்ட் லூப். ஷீல்டின் மின்தடை 50 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டு, அதில் வெறும் 10 மில்லிஆம்பியர் ஓடினாலே 500 மைக்ரோவோல்ட் விழும். அந்த 500 மைக்ரோவோல்ட்டும் ஆணையோடு தொடரில் சேர்ந்து 5 நானோமீட்டராக வெளியே வரும். நாங்கள் பார்த்த 8 நானோமீட்டருக்கு 16 மில்லிஆம்பியர் போதும். பழைய கார்டில் இது ஏன் இவ்வளவு தெரியவில்லை என்றால், அது இருந்த கணினி டிரைவரோடு ஒரே மின்பலகையில் இருந்தது. புதிய கார்டுக்காக வேறு கணினியை அறையின் மறுபக்கத்தில் வைத்திருந்தோம்.

அப்படியானால் மல்டிமீட்டர் ஏன் எதையும் காட்டவில்லை? இதில்தான் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். அந்த வகை மீட்டர் துல்லியமாக அளக்க, மின்வழங்கலின் பத்து முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுக்கும். 50 ஹெர்ட்ஸில் அது 200 மில்லிவிநாடி. முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் தாமே அழிந்துபோகும். அதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேடையோ 150 ஹெர்ட்ஸ் வரை பின்தொடரக்கூடியது. மீட்டர் வடித்துக் கொட்டிய கசடு முழுவதையும் மேடை குடித்துக்கொண்டிருந்தது. அதுபோக, மீட்டரை நாங்கள் கார்டின் முனையிலேயே பிடித்திருந்தோம். டிரைவரின் முனையில் பிடிக்கவே இல்லை.

ஒரு ரூபாய் நாணய அளவு பலகை

தீர்வு பழையது, சலிப்பூட்டுவது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர் கட்டினோம். அது கார்டின் அவுட்புட்டுக்கும் கார்டின் கிரவுண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து, டிரைவரின் கிரவுண்டை அடிப்படையாக வைத்துக் கொடுக்கும். இரண்டு கிரவுண்டுகளுக்கும் நடுவே எவ்வளவு ஆடினாலும் அது பொதுவானது என்பதால் கழிந்துபோகும். கேபிளை முறுக்கிய இணையாக மாற்றி, ஷீல்டைக் கார்டுப் பக்கம் மட்டும் கட்டினோம்.

எவ்வளவு கழியும் என்பது மின்தடைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நான்கும் 0.1 சதவீதத் துல்லியம் என்றால் மிக மோசமான நிலையிலும் 500-இல் ஒரு பங்காகக் குறையும், அதாவது 54 டெசிபல். 800 மைக்ரோவோல்ட் 1.6 ஆகும், மேடையில் 0.016 நானோமீட்டர். டிரைவரின் சொந்த இரைச்சலே 0.4 இருக்கும்போது இதற்கு மேல் துரத்துவது வீண். அதனால் கையில் இருந்த சாதாரண 0.1 சதவீத மின்தடைகளையே போட்டோம். அளந்தால் 0.5 நானோமீட்டர் ஆர்எம்எஸ். 38 மைக்ரோவோல்ட் படிகளை இண்டர்ஃபெரோமீட்டரில் சராசரி எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

அந்த மின்தடைகள் ஒரு வாரம் கழித்துப் பழிவாங்கின.

காலையில் ஒரு இடத்தில் நிற்கும் மேடை, மதியம் அதே எண்ணுக்கு இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளி நின்றது. ஒரு ஓட்டத்துக்குள்ளேயே ஒரு நானோமீட்டருக்கு மேல் நழுவுவதும் நடந்தது. முதலில் சந்தேகம் இண்டர்ஃபெரோமீட்டரின் மேல் போனது. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. காற்றின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கண்ணாடிக்கும் கருவிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் வெறும் காற்று இருந்தால், ஒரு டிகிரிக்கு 100 நானோமீட்டர் நகர்ந்ததாகக் காட்டும்! அந்த இடைவெளியை 5 மில்லிமீட்டராகக் குறைத்து, மேலே பெட்டி போட்டு மூடினோம். நழுவல் குறைந்தது, போகவில்லை.

மெதுவான நழுவலுக்கு மல்டிமீட்டர்தான் சரியான கருவி. முன்பு நம்மை ஏமாற்றிய அதே சராசரி இங்கே உதவும். இந்த முறை டிரைவரின் முனையில் பிடித்தோம். 5 வோல்ட்டில் இரண்டு டிகிரிக்கு 250 மைக்ரோவோல்ட் நகர்ந்தது. கணக்கும் இம்மி பிசகவில்லை: மின்தடைகள் டிகிரிக்கு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) மாறும் வகை, இரண்டு டிகிரிக்கு 50 பிபிஎம், 5 வோல்ட்டில் 50 பிபிஎம் என்றால் 250 மைக்ரோவோல்ட், 2.5 நானோமீட்டர். இரைச்சலுக்குப் போதும் என்று நினைத்த மின்தடை, நழுவலுக்குப் போதவில்லை. 0.1 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் படித்தோம், பக்கத்தில் 25 என்று எழுதியிருந்ததை விட்டுவிட்டோம்.

ஒரே அடித்தளத்தில் சேர்த்துச் செய்த நான்கு மின்தடைகள் கொண்ட சிப்பை மாற்றிப் போட்டோம். அவை தனித்தனியே எவ்வளவு மாறினாலும், ஒன்றுக்கொன்று டிகிரிக்கு 2 பிபிஎம்முக்குள் சேர்ந்தே மாறும். விகிதம்தான் முக்கியம் என்பதால் இது போதும். இரண்டு டிகிரிக்கு 20 மைக்ரோவோல்ட், 0.2 நானோமீட்டர்.

அதே பலகையில் இன்னொரு வேடிக்கை. வேகமான ஆட்டங்களை வடிகட்டும் ஃபில்டருக்குப் போட்டிருந்த செராமிக் கெப்பாசிட்டர் எக்ஸ்7ஆர் வகை. பென்சிலால் பலகையை லேசாகத் தட்டினால் மேடை துள்ளியது. அந்த வகை செராமிக்கும் ஒருவிதத்தில் பியசோதான். அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். கணினியின் மின்விசிறி அதிர்வை மேசை வழியாக அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சி0ஜி வகைக்கு மாற்றியதும் தட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. ஃபில்டரின் எல்லை 200 ஹெர்ட்ஸ். இதனால் வரும் பின்தங்கல் 0.8 மில்லிவிநாடி, விநாடிக்கு 20 நானோமீட்டர் வேகத்தில் அது 0.016 நானோமீட்டர். டிஏசி சர்வோ வளையத்துக்கு வெளியே இருப்பதில் உள்ள வசதி இது: ஃபில்டர் போட்டால் வளையம் குலையுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் அச்சும் பழைய கார்டும்

முதல் அச்சு முடிந்தது. அப்புறம்தான் இரண்டாவது அச்சு (இன்னொரு திசையில் நகர்வு) வேண்டும் என்றார்கள். 18 பிட் கார்டில் சேனல் மிச்சமில்லை. கைவசம் இருந்தது அந்தப் பழைய 16 பிட் கார்டு, நான்கு சேனலோடு. இருக்கிற கார்டில் இருந்தே நுண்ணிய படிகளைக் கறக்க முடியுமா என்று பார்த்தோம். உண்மையைச் சொன்னால், வேலையில் சுவையான பகுதி இதுதான்.

முதல் முயற்சி, இரண்டு சேனலைக் கூட்டுவது. ஒன்று பெரிய அடி வைக்கும். இன்னொன்றை 64-இல் ஒரு பங்காகக் குறைத்து அதோடு சேர்ப்போம். சின்ன சேனலின் படி 4.8 மைக்ரோவோல்ட் ஆகும், 0.05 நானோமீட்டர். வீச்சு மொத்தம் 3.1 மைக்ரோமீட்டர். நாங்கள் கடக்க வேண்டியது 8. ஆகவே நடுவில் இரண்டு மூன்று முறை பெரிய சேனலை நகர்த்திச் சின்னதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தில்தான் வினை. பெரிய சேனலின் படிகள் சீரானவை அல்ல. ஒரு படி 305 என்று சொன்னாலும் அசலில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். சின்ன சேனல் அதைச் சரியாக ஈடுசெய்யாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மேடை இரண்டு மூன்று நானோமீட்டர் குதித்தது. எந்த இடத்தில் எவ்வளவு என்று அட்டவணை போட்டுத் திருத்தினோம். அன்று சரியாக இருந்தது. மறுநாள் வெப்பம் மாறியதும் அட்டவணை பழசாகிவிட்டது. 3 மைக்ரோமீட்டருக்குள் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு, பெரிய சேனலை ஒருமுறை வைத்துவிட்டுத் தொடாமல் இருக்க முடிந்தால், இதைவிட மலிவான வழி இல்லை. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது முயற்சி டிதர். இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள மதிப்பு வேண்டுமென்றால், அந்த இரண்டுக்கும் இடையே வேகமாக மாறி மாறி எழுத வேண்டும். பத்தில் மூன்று முறை மேல்படி, ஏழு முறை கீழ்ப்படி என்றால் சராசரி 0.3 படி. மேடை அவ்வளவு வேகமாக நகராது, ஃபில்டரும் விடாது. சராசரி மட்டும்தான் கண்ணாடிக்குப் போய்ச் சேரும். செய்முறை மிக எளிது: ஒவ்வொரு முறையும் முழு எண்ணாக்கும்போது விழும் மிச்சத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த முறைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சில்லறை இல்லாமல் “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று கணக்கில் வைப்பதுபோல. நிரலில் மூன்று வரி.

முதலில் கட்டுப்பாட்டு நிரல் ஓடும் அதே வேகத்தில், விநாடிக்கு 2,000 முறை, எழுதினோம். இருபதில் ஒரு பங்கு படி வேண்டும் என்று கேட்ட இடத்தில் மேடை 100 ஹெர்ட்ஸில் துடித்தது. வியப்பில்லை, இருபது முறைக்கு ஒருமுறை மேலே போனால் 2,000-க்கு 100 முறைதானே. அந்தத் துடிப்பின் வீச்சு ஏறக்குறைய படியின் பத்தில் ஒரு பங்கு, 30 மைக்ரோவோல்ட், 0.3 நானோமீட்டர். ஃபில்டரின் எல்லை 100 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததால் அதுவும் இதைத் தடுக்கவில்லை.

பிறகு எழுதும் வேலையைக் கார்டின் சொந்தக் கடிகாரத்துக்கு மாற்றி, விநாடிக்கு 1,00,000 முறை ஆக்கினோம். இப்போது 100 ஹெர்ட்ஸில் துடிக்க வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு படி கேட்க வேண்டும். அதன் வீச்சு வெறும் 0.6 மைக்ரோவோல்ட். பெரிய வீச்சுள்ள துடிப்புகள் எல்லாம் பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸுக்குப் போய், ஃபில்டரில் மாண்டன. படிக்கட்டு மறைந்து கோடு வந்தது. 16 பிட் கார்டில்!

நடுவே ஒரு மேடு

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு வளைந்தது. சரியாக 5 வோல்ட்டில், மேடை ஓட்டத்தின் நட்டநடுவில். அந்த ஒரு படிக்குள் மட்டும் வில்போல வீங்கி, நடுவில் ஒரு நானோமீட்டர் உயர்ந்து, மறுபடி இறங்கியது.

இதற்கு விடை இரும எண்ணில் இருந்தது. −10 முதல் +10 வரை விரிந்த கார்டில் 5 வோல்ட் என்பது 1100000000000000. அதற்கு ஒரு படி கீழே 1011111111111111. இரண்டுக்கும் நடுவே 15 பிட்டுகள் ஒரே நேரத்தில் புரள வேண்டும். எந்தச் சுவிட்சும் இன்னொன்றோடு அச்சுப்பிசகாமல் சேர்ந்து திரும்பாது. அந்தச் சில நானோவிநாடிகளில் வெளியே ஒரு கூர்முனை கிளம்பும். அதற்குப் பெயர் கிளிட்ச். சாதாரணமாக ஒருமுறை வந்து போனால் மேடை அதை உணராது. ஆனால் டிதரில் இந்த எல்லையை விநாடிக்கு 50,000 தடவை ஏறி இறங்குகிறோம். ஏறும் கூர்முனையும் இறங்கும் கூர்முனையும் ஒன்றையொன்று முழுதாக ஈடுசெய்யாமல், ஒரு சுற்றுக்கு 2 நானோவோல்ட்-விநாடி மிஞ்சுகிறது என்று வையுங்கள். 50,000-ஆல் பெருக்கினால் 100 மைக்ரோவோல்ட். அதே ஒரு நானோமீட்டர். படியின் இரு நுனியிலும் டிதர் மாறுவதே இல்லை என்பதால் பிழை சுழி, நடுவில் அதிகபட்சம். வில் வடிவம் அப்படித்தான் வந்தது.

கிளிட்சைக் குறைக்கக் கார்டுக்குள் கைவைக்க முடியாது. அதனால் மேடையின் அடிப்பக்கத் திருகை மாற்றி, வேலை செய்யும் நடுப்புள்ளியை 5 வோல்ட்டிலிருந்து 4.4-க்கு நகர்த்தினோம். 8 மைக்ரோமீட்டர் ஓட்டம் இப்போது 4.0 முதல் 4.8 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். நடுவில் சின்னப் புரளல்கள் உண்டு, ஆனால் இரைச்சலுக்கு மேலே ஒன்றும் தலைகாட்டவில்லை. இதைத் தீர்வு என்பதா, ஒதுங்கிப் போவது என்பதா என்று கேட்டால், இரண்டாவதுதான். வேலை நடந்தது.

டிதர் செய்யாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே அது அழகாகக் கோடு போடும். அந்தப் படிகளே தவறான உயரத்தில் இருந்தால், தவறான உயரங்களுக்கு நடுவேதான் போடும். நகர்வின் வழவழப்புக்கு டிதர் போதும். 8 மைக்ரோமீட்டர் நகர்ந்தது என்றால் உண்மையிலேயே 8-தானா என்பது வேறு கேள்வி. அதற்கு நேரியல்பு வேண்டும், அதாவது எல்லாப் படிகளும் சரியான உயரத்தில் இருக்க வேண்டும்.

20 பிட் எதற்கு வந்தது

சில மாதம் கழித்து அந்தக் கேள்வியே வந்தது. அப்போதுதான் அனலாக் டிவைசஸின் ஏடி5791 என்ற 20 பிட் டிஏசியை வைத்து இரண்டு அச்சுக்கும் பலகை செய்தோம். பிட் எண்ணிக்கைக்காக அதைத் தேர்ந்தெடுத்ததாகப் பலர் நினைத்தார்கள். 10 வோல்ட்டை 10,48,576 ஆகப் பிரித்தால் படி 9.5 மைக்ரோவோல்ட், 0.095 நானோமீட்டர், டிரைவரின் இரைச்சலில் நாலில் ஒரு பங்குதான், அத்தனை நுணுக்கம் எங்களுக்குத் தேவையே இல்லை. தேவைப்பட்டது அதன் 1 பிபிஎம் நேரியல்பும், டிகிரிக்கு 0.05 பிபிஎம் என்ற நழுவலும்தான். 100 மைக்ரோமீட்டரில் 1 பிபிஎம் என்றால் 0.1 நானோமீட்டர்.

அதன் இரைச்சல் ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 7.5 நானோவோல்ட். உள்ளே இருக்கும் வெளியீட்டு மின்தடை 3.4 கிலோஓம். 1928-இல் ஜான்சனும் நைக்விஸ்டும் விளக்கிய வெப்ப இரைச்சலை அந்த மின்தடைக்குக் கணக்கிட்டால் அதே 7.5 வரும். அதாவது, அந்த மின்தடை இருப்பதாலேயே வரும் இரைச்சலைத் தவிரச் சிப் வேறெதையும் சேர்ப்பதில்லை. நம் 200 ஹெர்ட்ஸ் ஃபில்டருக்குப் பின் இது 0.13 மைக்ரோவோல்ட், மேடையில் 0.0013 நானோமீட்டர். இரைச்சல் பட்டியலில் எழுதவே கூச்சமாக இருக்கும் எண்.

இப்படிப்பட்ட சிப் வந்ததும் மனம் அடுத்ததைத் தேடும். டிஏசி அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் நிலையான மின்னழுத்தத்துக்கு, அதாவது ரெஃபரன்ஸுக்கு, எல்டிஇசட்1000 போடலாமா என்று ஒரு வாரம் பேசினோம். தன்னைத் தானே சூடேற்றி வெப்பநிலையை நிலையாக வைத்துக்கொள்ளும் 7 வோல்ட் ஜீனர் அது. உயர்தர மீட்டர்களுக்குள் இருப்பது. அதன் டிகிரிக்கு 0.05 பிபிஎம் நழுவல் எங்களுக்கு எதைத் தந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். சாதாரணமான நல்ல ரெஃபரன்ஸ், டிகிரிக்கு 2 பிபிஎம், ஒரு ஓட்டத்துக்குள் அரை டிகிரி மாறினால், ஓட்டத்தின் நடுவில் 0.05 நானோமீட்டர். பேச்சு அதோடு நின்றது.

நாங்கள் அதிகம் கவனம் வைத்தது வேறிடத்தில். பலகையை டிரைவரின் பெட்டிக்குள்ளேயே வைத்து, கணினியிலிருந்து எண்களை மட்டும் ஒளியிழை வழியாக அனுப்பினோம். அனலாக் கம்பியின் நீளம் 15 சென்டிமீட்டர் ஆனது. கணினியின் கிரவுண்டுக்கு இந்தப் பக்கம் வரவே வழியில்லை. டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர் பலகைக்கும் வேலை போயிற்று. அதோடு அதன் மின்தடைகளும் போயின. இணைப்பு முனைகளை மட்டும் நன்றாகச் சுத்தம் செய்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் மறைத்தோம். செம்பும் ஈயப்பற்றும் சேரும் இடம் டிகிரிக்கு ஓரிரு மைக்ரோவோல்ட்தான் தரும். செம்பு கறுத்து ஆக்சைடு படிந்திருந்தால் அதே இடம் டிகிரிக்கு ஆயிரம் மைக்ரோவோல்ட் வரை தரக்கூடும். 20 பிட் வாங்கிவிட்டுக் கறுத்த கிளிப்பில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

கடைசியில் அளந்தவை: நிற்கும்போது ஆட்டம் 0.4 நானோமீட்டர் ஆர்எம்எஸ், அதாவது ஷார்ட் செய்தபோது இருந்த அதே அளவு. ஓட்டத்துக்குள் நழுவல் 0.2-க்குள். படி, கண்ணுக்குத் தெரியவில்லை. 0.4-க்குக் கீழே போக வேண்டுமென்றால் டிரைவரையும் சென்சாரையும் மாற்ற வேண்டும். அதை யாரும் இதுவரை கேட்கவில்லை.

பழைய 16 பிட் கார்டு டிதரோடு இன்னொரு சோதனை மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுப்புள்ளி இன்னும் 4.4 வோல்ட்டிலேயே. ஷார்ட் செய்த அந்தப் பிளக் டிரைவரின் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்குகிறது. ஆட்டம் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் கை போவது அதன்மேல்தான்.